'டு'வா 'இங்'கா என்று தெரியாமல் நான் இழந்த 14 மாதங்கள்

'கோப்பை அனுப்ப மறந்துவிட்டேன், மன்னியுங்கள்' என்று சொல்ல நினைத்து, ஒரு வாடிக்கையாளருக்கு 'ஐ ஃபர்காட் செண்டிங் த ஃபைல்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். நான் எழுதிய வாக்கியத்தின் பொருள் அதுவன்று. கோப்பை அனுப்பிவிட்டேன், ஆனால் அனுப்பியதே என் நினைவில் இல்லாமல் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். மறுமுனையில் இருந்தவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். நான் எழுதியதை எழுதியபடியே புரிந்துகொண்டு, வந்திராத ஒரு கோப்பைத் தம்முடைய அஞ்சல் பெட்டியில் 2 நாள்கள் தேடியிருக்கிறார். மூன்றாம் நாள் என் மேலாளர் என்னை அழைத்து, 'அனுப்பினீர்களா, இல்லையா?' என்று கேட்டபோதுதான் நடந்தது எனக்குப் புரிந்தது. 'ஃபர்காட் டு செண்ட்' என்று எழுதியிருந்தால் அவர் அன்றைக்கே கோப்பைக் கேட்டு வாங்கியிருப்பார். சோம்பலை மறைக்கப் பொய் சொன்னவளைப் போல அந்த அறையில் நின்றேன். அன்றைய அவமானத்தை நினைத்தால் இன்றும் முகம் சூடாகிறது.

இதில் நான் முதலில் கற்றுக்கொள்ளாமல் விட்ட பாடம் ஒன்று உண்டு. அந்த மின்னஞ்சலை அனுப்பும் முன் கணினியின் இலக்கணத் திருத்தியில் போட்டுப் பார்த்திருந்தேன். அது ஒரு பிழையும் காட்டவில்லை. காட்டவும் முடியாது, ஏனெனில் அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லை. அது நான் சொல்ல வந்ததற்கு எதிரான பொருளைத் தரும் சரியான வாக்கியம். ஜெரண்டையும் ('செண்டிங்' போன்ற 'இங்' வடிவம்) இன்ஃபினிடிவையும் ('டு செண்ட்' போன்ற 'டு' வடிவம்) மாற்றிப் போட்டால் சில இடங்களில் வாக்கியம் கரடுமுரடாகத் தெரியும், அங்கே யாராவது திருத்திவிடுவார்கள். வேறு சில இடங்களில் வாக்கியம் அழகாகவே நின்றுகொண்டு பொருளை மட்டும் திருப்பிவிடும், அங்கே யாரும் நம்மைக் காப்பாற்ற மாட்டார்கள்.

அதன்பின் ஓர் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். பணி உயர்வுக்கு அதன் மதிப்பெண் தேவைப்பட்டது. எழுத்துப் பகுதியில் 2 முறை தேவையான அளவுக்குச் சற்றுக் கீழே நின்றேன். தேர்வுக் கட்டணம், இடையில் சேர்ந்த பயிற்சி வகுப்பின் கட்டணம், வாங்கிய பயிற்சி ஏடுகள் எல்லாவற்றையும் கூட்டினால் என் ஒன்றரை மாதச் சம்பளம் போயிற்று. மூன்றாம் முறை தேறுவதற்குள் 14 மாதங்கள் ஓடிவிட்டன. என் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில்தான் இருந்தன என்பதை யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம். வினைச்சொல்லின் முடிவில் 'இங்' சேர்ந்து அது பெயர்ச்சொல்லைப் போல நின்றால் ஜெரண்ட்: 'ரீடிங்', 'ரைட்டிங்'. வினைச்சொல்லுக்கு முன் 'டு' வந்தால் இன்ஃபினிடிவ்: 'டு ரீட்', 'டு ரைட்'. ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வரும்போது இரண்டாவது வினை எந்த உடையில் வர வேண்டும் என்பதை முதல் வினையே முடிவு செய்கிறது. 'வாண்ட்' என்றால் 'டு' வரும், 'எஞ்ஜாய்' என்றால் 'இங்' வரும். சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதும், ஆனால் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லாமலேயே 120 வினைச்சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.

அந்தப் பட்டியலோடு 5 மாதங்கள் போராடினேன். அகர வரிசையில் அமைந்திருந்ததால், 'இங்' கேட்கும் 'அட்மிட்' என்ற சொல்லும் 'டு' கேட்கும் 'அக்ரீ' என்ற சொல்லும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருந்தன. மனத்தில் அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; எது எதைக் கேட்கும் என்பது மட்டும் ஒட்டவில்லை. காலையில் ஒப்பித்ததை மாலையில் எழுதும்போது மறுபடியும் ஊகிக்க வேண்டியிருந்தது. என்னிடம் நினைவாற்றல் குறைவு என்று நினைத்து அழுத இரவுகளும் உண்டு. தனிச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் அதன் பின்னால் வருவது மனத்தில் தங்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. 'அவாய்ட்' என்று படிக்காமல் 'அவாய்ட் டாக்கிங்' என்று ஒரே மூச்சில் படித்திருந்தால், அந்த 5 மாதங்களில் 2 மாதங்களையாவது மீட்டிருப்பேன்.

பட்டியலில் களைத்துப்போன நிலையில், ஒரு பயிற்சி ஏட்டில் எளிதான விதி ஒன்று கிடைத்தது. இனி நடக்கப்போவதற்கு 'டு', நடந்துவிட்டதற்கும் நடந்துகொண்டிருப்பதற்கும் 'இங்' என்றது அது. 'ஹோப்', 'ப்ளான்', 'டிசைட்', 'ப்ராமிஸ்', 'எக்ஸ்பெக்ட்' ஆகியவை முன்னோக்கிப் பார்ப்பவை, எனவே 'டு'. 'ஃபினிஷ்', 'டினை', 'அட்மிட்', 'கிவ் அப்' ஆகியவை ஏற்கெனவே இருப்பதைத் தொடுபவை, எனவே 'இங்'. விதி நன்றாகவே பொருந்தியது, நானும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். முதல் தேர்வில் 'தி கவர்ன்மெண்ட் ஷுட் கன்சிடர் டு சேஞ்ச்' என்றும் 'ஐ சஜெஸ்ட் டு பில்ட்' என்றும் எழுதியது அந்த நம்பிக்கையில்தான். பரிசீலிப்பதும் பரிந்துரைப்பதும் இனி நடக்கப்போவதைப் பற்றியவை அல்லவா? ஆனால் 'கன்சிடர்', 'சஜெஸ்ட்', 'போஸ்ட்போன்', 'இமாஜின்' நான்குமே 'இங்'தான் கேட்கும். 'மேனேஜ்', 'ஃபெயில்' போன்றவையோ நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும் 'டு'வை விடாதவை. இந்த விதியை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்; அது சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிவிடக் கூடாது. 'கன்சிடர்' போன்றவற்றுக்கு நான் பின்னாளில் வைத்துக்கொண்ட விளக்கம் இது: அங்கே செயல் இன்னும் புறப்படவில்லை, ஒரு பொருளைப் போல மேசைமேல் வைத்துப் புரட்டிப் பார்க்கப்படுகிறது, பொருளாகிவிட்டதால் பெயர் வடிவத்தில் நிற்கிறது.

நடுவில் ஏறக்குறைய ஒரு மாதத்தை, ஒரு வாக்கியத்தில் வரும் 'இங்' சொல் ஜெரண்டா, நிகழ்கால எச்சமான பார்ட்டிசிபிளா என்று பிரித்தறிவதிலேயே செலவழித்தேன். இலக்கணம் பயில்வோருக்கு அது நல்ல கேள்வி. சரியாக எழுத நினைப்பவருக்கு அது தேவையில்லை. இக்கால இலக்கண அறிஞர்களில் பலர் இரண்டையும் ஒரே வடிவமாகவே கொள்கிறார்கள். அந்த மாதத்தை வாக்கியம் எழுதிப் பழகுவதில் செலவிட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இரண்டாம் தேர்விலும் தோற்றுவிட்டு வீட்டில் இருந்த நாள்களில், அண்ணன் மகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைய பாடம் தொழிற்பெயர். 'படித்தல்', 'படிப்பது' ஆகியவை பெயர்கள் என்பதால் வேற்றுமை உருபு ஏற்கும், 'படிக்க' என்பது வினையெச்சம் என்பதால் ஏற்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள், 'அத்தை, படிப்பதில், படிப்பதால் என்றெல்லாம் வருகிறதே, படிக்கவில், படிக்கவால் என்று ஏன் வரக்கூடாது?' என்று கேட்டாள். 'வினையெச்சம் வினையைத்தான் தேடிப் போகும் அம்மா, உருபு பெயரில்தான் வந்து உட்காரும்' என்று சொல்லி வாயை மூடும் முன்பே எனக்கு மெய் சிலிர்த்தது. 14 மாதங்களில் 10 மாதங்களாக நான் தேடிக்கொண்டிருந்தது சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த ஒன்று. ஜெரண்ட் நம் தொழிற்பெயர். இன்ஃபினிடிவ் பெரும்பாலும் நம் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம், அதாவது 'படிக்க', 'அனுப்ப' போன்றது.

அன்று மாலையே ஒரு பெரிய வாசல் திறந்தது. ஆங்கிலத்தில் 'இன்', 'அட்', 'ஆஃப்', 'ஃபார்', 'அபௌட்', 'வித்தவுட்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்' போன்ற முன்னிடைச்சொற்கள் வந்தால் அடுத்து வரும் வினை 'இங்' வடிவத்தில்தான் வர வேண்டும். தமிழில் வேற்றுமை உருபு செய்கிற வேலையில் பெரும் பகுதியை அந்த முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. உருபு பெயரோடுதான் ஒட்டும் என்றால், முன்னிடைச்சொல்லும் பெயரைத்தானே கேட்கும்? எழுதுவதில் ஆர்வம், எனவே 'இண்டரெஸ்டட் இன் ரைட்டிங்'. உதவியதற்கு நன்றி, எனவே 'தேங்க் யூ ஃபார் ஹெல்பிங்'. வெல்வதில் வெற்றி பெற்றார் என்று நாம் சொல்வதில்லை என்றாலும், 'சக்ஸீட்' என்ற சொல்லுக்குப் பின் 'இன்' இருப்பதால் 'சக்ஸீடட் இன் வின்னிங்' என்றுதான் எழுத வேண்டும். 'சொல்லாமல் போனார்' என்பதற்கு 'வித்தவுட் ஸே' என்று எழுதிக்கொண்டிருந்தேன்; 'வித்தவுட் ஸேயிங்' என்பதே சரி. இதற்குப் பட்டியல் ஒன்றும் தேவைப்படவில்லை, இந்த ஒரு விதி மட்டுமே என் பிழைகளில் கால்வாசியை நீக்கிவிட்டது.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது; நான் அதில் பல ஆண்டுகள் விழுந்து கிடந்திருக்கிறேன். 'டு' என்ற சொல் இன்ஃபினிடிவின் அடையாளமாகவும் வரும், முன்னிடைச்சொல்லாகவும் வரும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்ற தொடரில் இருப்பது முன்னிடைச்சொல். நானோ 'டு'வைக் கண்டவுடன் வினையின் வேர்ச்சொல்லைப் போட்டு, 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று என் வேலை விண்ணப்பக் கடிதங்கள் அனைத்தையும் முடித்திருந்தேன். பழைய கோப்புகளைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், 40 கடிதங்களுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் அதே பிழை. அவற்றில் எத்தனை கடிதங்களைப் படித்தவர் அந்த வரியோடு மூடி வைத்திருப்பார் என்று எண்ணி, அன்றிரவு வெகுநேரம் உறங்காமல் கிடந்தேன். 'மீட்டிங் யூ' என்பதே சரி. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். 'டு'வுக்குப் பின் வினையை எடுத்துவிட்டு 'இட்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' என்று வாக்கியம் நின்றால், அது முன்னிடைச்சொல், எனவே 'இங்' வர வேண்டும். 'ஐ வாண்ட் டு இட்' என்று சொல்ல முடியாது, எனவே அங்கே இன்ஃபினிடிவ். 'ஆப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'வென் இட் கம்ஸ் டு' மூன்றும் இந்தச் சோதனையில் முன்னிடைச்சொல் பக்கமே விழும்.

இதே பள்ளத்தின் ஓரத்தில்தான் 'யூஸ்ட் டு' நிற்கிறது. 'ஐ யூஸ்ட் டு ரைட்' என்றால் முன்பெல்லாம் எழுதுவேன், இப்போது எழுதுவதில்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்டிங்' என்றால் எழுதிப் பழகியவள். நேர்காணல் ஒன்றில் நெருக்கடியான சூழலில் வேலை செய்து பழக்கம் உண்டு என்று சொல்ல வந்து, 'ஐ யூஸ்ட் டு வொர்க் அண்டர் ப்ரெஷர்' என்று சொன்னேன். எதிரில் இருந்தவர், 'இப்போது ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று கேட்டார். கேள்வி எனக்குப் புரியவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. பொருள் மாறும் வினைகள் என்று எல்லோரும் அஞ்சுகிற 'ஃபர்கெட்', 'ரிமெம்பர்', 'ஸ்டாப்', 'ரிக்ரெட்' ஆகிய நான்கிலும் தமிழ் நமக்கு மிகத் தெளிவாக வழி காட்டுகிறது. அனுப்ப மறந்தேன் என்றால் 'ஃபர்காட் டு செண்ட்', அனுப்பியதை மறந்தேன் என்றால் 'ஃபர்காட் செண்டிங்'. கதவைப் பூட்ட நினைவு வைத்துக்கொள் என்றால் 'ரிமெம்பர் டு லாக்', பூட்டியது நினைவிருக்கிறது என்றால் 'ரிமெம்பர் லாக்கிங்'. அவரோடு பேச நின்றேன் என்றால் 'ஸ்டாப்ட் டு டாக்', பேசுவதை நிறுத்தினேன் என்றால் 'ஸ்டாப்ட் டாக்கிங்'. தெரிவிக்க வருந்துகிறேன் என்றால் 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம்', சொன்னதற்கு வருந்துகிறேன் என்றால் 'ரிக்ரெட் ஸேயிங்'. 'செய' வாய்பாடு வரும் இடத்தில் 'டு', தொழிற்பெயர் வரும் இடத்தில் 'இங்'. ஓரிடத்திலும் தவறவில்லை. இதை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்தபோது, வேறு மொழியின் இலக்கணத்தை என் மொழிக்குள்ளிருந்தே படிக்கிற மகிழ்ச்சி வந்தது.

இன்னும் வியப்பான இடம் இருக்கிறது. தமிழில் 'மறு' என்ற ஒரே வினை, ஆங்கிலத்தில் இரண்டு வினைகளாகப் பிரிகிறது. வர மறுத்தார் என்றால் 'ரெஃப்யூஸ்ட் டு கம்'. எடுத்ததை மறுத்தார் என்றால் 'டினைட் டேக்கிங்'. 'ஒப்புக்கொள்' என்பதும் அப்படியே: வர ஒப்புக்கொண்டார் என்றால் 'அக்ரீட் டு கம்', எடுத்ததை ஒப்புக்கொண்டார் என்றால் 'அட்மிட்டட் டேக்கிங்'. பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருந்து என்னை 5 மாதங்கள் குழப்பிய அந்த 'அட்மிட்', 'அக்ரீ' என்னும் இரண்டும் ஒரே தமிழ் வினையின் இரு முகங்கள். அதன்பின் அவற்றில் நான் ஒருமுறையும் தவறியதில்லை. போவதைத் தவிர்த்தேன், போவதைத் தள்ளிப்போட்டேன் என்ற தொடர்களைச் சொல்லிப் பாருங்கள். 'அவாய்ட்', 'போஸ்ட்போன்' ஆகியவற்றுக்கும் 'இங்' தானாகவே வந்து நிற்கும். போக முடிவு செய்தேன், போகத் திட்டமிட்டேன் என்று சொன்னால் 'டிசைட்', 'ப்ளான்' ஆகியவற்றுக்கு 'டு' வந்துவிடும்.

அப்படியானால் அந்த மின்னஞ்சலில் நான் ஏன் தவறினேன்? மனத்துக்குள் அன்று ஓடிய தமிழை நினைவுபடுத்திப் பார்த்தேன். அனுப்ப மறந்துவிட்டேன் என்று நினைக்காமல், 'அனுப்புவதற்கு மறந்துவிட்டேன்' என்று நினைத்திருக்கிறேன். பேச்சில் நாம் இரண்டையும் கலந்தே பயன்படுத்துகிறோம். 'அனுப்புவதற்கு' என்பது வடிவத்தில் தொழிற்பெயர், பொருளில் 'அனுப்ப'. வடிவம் என்னை 'இங்' பக்கம் இழுத்துவிட்டது. ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மனத்தில் 'வதற்கு', 'வதற்காக' என்று முடியும் சொல் வந்தால், அதன் இடத்தில் 'செய' வாய்பாட்டைப் போட்டுப் பார்ப்பேன். பொருள் மாறாமல் நின்றால் 'டு' எழுதுவேன். வாங்குவதற்காகப் போனேன் என்பதை வாங்கப் போனேன் என்று மாற்றலாம், எனவே 'ஐ வெண்ட் டு பை'. 'வெண்ட் ஃபார் பையிங்' என்று நாம் அடிக்கடி எழுதும் பிழை இங்கிருந்துதான் பிறக்கிறது. உதவியதற்கு நன்றி என்பதை உதவ நன்றி என்று மாற்ற முடியாது, எனவே அங்கே 'ஃபார் ஹெல்பிங்'தான். நோக்கத்தைச் சொல்லும் இடங்களில், ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது மட்டும் 'ஃபார்' என்பதோடு 'இங்' வரலாம். இந்தக் கருவி வெட்டுவதற்கானது என்றால் 'இட் இஸ் ஃபார் கட்டிங்'. ஒருவர் ஒரு நோக்கத்தோடு செய்யும் செயலுக்கு 'டு'தான்.

தமிழை எல்லா இடத்திலும் நம்பலாம் என்று சொன்னால் நான் உங்களை இன்னொரு பள்ளத்தில் தள்ளியவளாவேன். ஏமாற்றும் இடங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். பட்டியலில் இருந்தவை 120, என் குறிப்பேட்டில் இருப்பவை 10க்கும் குறைவு. முதலாவது 'சஜெஸ்ட்'. 'போகும்படி எனக்குப் பரிந்துரைத்தார்' என்ற தமிழை வைத்து 'ஹி சஜெஸ்டட் மீ டு கோ' என்று எழுதினால் தவறு. 'சஜெஸ்டட் கோயிங்' என்றோ, 'சஜெஸ்டட் தட் ஐ கோ' என்றோதான் எழுத வேண்டும். இரண்டாவது 'எக்ஸ்பெக்ட்'. அவர் வருவதை எதிர்பார்த்தேன் என்ற தொழிற்பெயர் இங்கே செல்லாது, 'ஐ எக்ஸ்பெக்டட் ஹிம் டு கம்' என்பதே வழக்கு. மூன்றாவது, நீந்தத் தெரியும் என்பது. 'ஐ நோ டு ஸ்விம்' என்று எழுதக் கூடாது, இடையில் 'ஹௌ' வேண்டும். நான்காவது, பேசப் பயிற்சி எடுத்தேன் என்பது 'ப்ராக்டிஸ்ட் ஸ்பீக்கிங்'. ஐந்தாவது, படிக்கத் தகுந்தது என்பது 'வொர்த் ரீடிங்'. படிக்கப் பிடிக்கும் என்பதற்கு 'லைக்' போட்டால் 'டு', 'இங்' இரண்டுமே சரி. 'எஞ்ஜாய்' போட்டால் 'இங்' மட்டுமே சரி. 'வுட் லைக்' என்று வந்துவிட்டால் 'டு' மட்டுமே. 'பிகின்', 'ஸ்டார்ட்', 'கண்டின்யூ' ஆகியவற்றில் எதை எழுதினாலும் பெரும்பாலும் பொருள் மாறாது. அவற்றுக்காக நான் செலவழித்த கவலையை நீங்கள் செலவழிக்க வேண்டாம்.

'ட்ரை' எனக்குச் சற்றுக் காலம் பிடித்தது. 'ட்ரை டு ஓபன்' என்றால் திறக்க முயல்வது, அதாவது கடினமானதைச் செய்யப் பாடுபடுவது. 'ட்ரை ஓபனிங்' என்றால் திறந்து பார்ப்பது, பலன் கிடைக்கிறதா என்று சோதிப்பது. இங்கும் தமிழின் 'பார்' என்ற துணைவினை கைகொடுத்தது: செய்து பார் என்றால் 'இங்', செய்ய முயல் என்றால் 'டு'.

நடுவில் ஓர் ஆள் வரும்போது கணக்கு மாறுவதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அலுவலகக் கடிதங்களில் இது நாள்தோறும் வரும். 'அட்வைஸ்', 'அலௌ' போன்ற வினைகள் ஆள் இல்லாமல் வந்தால் 'இங்' கேட்கும், ஆள் வந்தால் 'டு' கேட்கும்: 'அட்வைஸ்ட் வெயிட்டிங்', ஆனால் 'அட்வைஸ்ட் மீ டு வெயிட்'. 'மேக்', 'லெட்' இரண்டும் ஆள் வந்தபின் 'டு'வும் கேட்பதில்லை, 'இங்'கும் கேட்பதில்லை. 'மேட் மீ வெயிட்' என்று வேர்ச்சொல் மட்டும் நிற்கும். ஆனால் 'மேக்' செயப்பாட்டு வினையாகும்போது, போன 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. இரண்டாம் தேர்வில் இந்தத் திரும்பி வரும் 'டு'வை நான் விட்டிருந்தேன்.

மூன்றாம் முயற்சிக்கு முன் இருந்த 3 மாதங்களில் நான் செய்தது மிக எளிய வேலை. பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, என் பழைய மின்னஞ்சல்களிலும் தேர்வுப் பயிற்சிக் கட்டுரைகளிலும் நான் தவறிய வாக்கியங்களை மட்டும் எடுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். 60 வாக்கியங்கள் தேறின. 60 வாக்கியங்களிலும் தவறிய வினைகள் 17தான், அவையே திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் என் வாழ்க்கையிலிருந்தே உண்மையான ஒரு வாக்கியம் அமைத்து, நாளுக்கு ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். கதவு பூட்டியதா என்று நான் ஐயப்பட்ட நாளை வைத்து எழுதிய 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்ற வாக்கியம் மறக்கவே மறக்காது. ஏட்டில் இருந்த யாரோ ஒருவரின் வாக்கியம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஐயம் வந்தால் கற்போருக்கென்றே தொகுக்கப்பட்ட ஆங்கில அகராதியைத் திறந்தேன். அத்தகைய அகராதிகளில் வினைச்சொல்லுக்குக் கீழேயே 'டூயிங் சம்திங்' என்றோ 'டு டூ சம்திங்' என்றோ அச்சிட்டிருப்பார்கள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. கண்முன் இருந்த விடையைப் பார்க்காமலேயே பட்டியலுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் தேர்வின் எழுத்துப் பகுதியில், ஓர் அலுவலருக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கடைசி வரியில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்று எழுதியதும் கை ஒரு கணம் நின்றது. 'இட்' போட்டுப் பார்த்தேன், நின்றது. 'ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். மதிப்பெண் வந்த அன்று, முதலில் அந்தப் பழைய வாடிக்கையாளருக்குத்தான் எழுதினேன். அவருக்கு அனுப்ப வேண்டிய வேறொரு கோப்பு இருந்தது. இணைத்துவிட்டு, 'திஸ் டைம் ஐ ரிமெம்பர்ட் டு அட்டாச் இட்' என்று எழுதினேன். அரைமணி நேரத்தில் கோப்பு கிடைத்தது என்று பதில் வந்தது.